கால் ராசரத்தினத்தின் வயலின்

ராஜரத்தினத்துக்கு வயலின் கொடுத்த பொன்னையாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. 2002இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்ததும் யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை இரஞ்சிதத்தைப் பார்க்க வட்டக்கச்சிக்கு வந்த மனிதர், பனங்கட்டியோ மாம்பழமோ கொண்டுவந்திருக்கலாம். கனடாவுக்குப் போன மகள் விட்டுச்சென்ற வயலினைக் கொண்டுவந்து, தங்கையின் புருஷன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த நாளே பஸ் ஏறிவிட்டார். பக்கத்து வளவில் குடியிருந்தவன் நான்.

எங்கள் ஊரில் மூன்று ராஜரத்தினங்கள். அரிசி மில் வைத்திருந்தவர் மில் ராசரத்தினம். ஆறடிக்கு மேல் வளர்ந்தவர் நெட்டை ராசரத்தினம். நம்மவர் சந்தியில் சைக்கிள் திருத்தியதால் இருபது வருடம் சைக்கிள் ராசரத்தினமாக இருந்தார். பிறகு விறகு வெட்டப் போன இடத்தில் மிதிவெடியில் அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கிளிநொச்சியில் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு சில மாதங்களில் கடையைத் திறந்துவிட்டார். ஊர் அதற்குள் பெயரை மாற்றிவிட்டிருந்தது. கால் ராசரத்தினம்.

நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கெழுதும் கிளாக்கர். ஒருநாள் சீனி வாங்க வந்தவர் என்னிடம் மனம்விட்டுப் பேசினார்.

"கால் போனதைத் தாங்கீட்டன் கிளாக்கர். பேர் போனதைத்தான் தாங்கேலாமக் கிடக்கு. நாளைக்குச் செத்தாலும் கால் ராசரத்தினம் செத்துப்போனான் எண்டுதான் சொல்லப்போறாங்கள். இந்த வயலினைப் படிச்சு வேற பேர் எடுக்கப்போறன்."

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்துச் சங்கீத ரீச்சர் விமலேஸ்வரிக்கு இருபத்தைந்து. சம்மணம் கட்டி இருந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று முதல் பாடத்திலேயே சொன்ன ரீச்சர், எந்தப் பாதம் என்பதைக் கவனித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

"யோசிக்காதேங்கோ ரீச்சர்," என்றார் ராஜரத்தினம். "மற்றப் பிள்ளையளுக்குக் கால் விறைக்கும். என்ர கால் எத்தினை மணித்தியாலம் எண்டாலும் இருக்கும்."

அன்றிலிருந்து கால் விறைக்கிறது என்று முனகும் பிள்ளைகளுக்கு ரீச்சர் அவரையே உதாரணம் காட்டினார். எனக்கு அது கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

ரீச்சர் ஒவ்வொரு சரளி வரிசையையும் நாளுக்கு ஐம்பது தரம் வாசிக்கச் சொன்னார். ராஜரத்தினம் அதற்கு நேரம் கண்டுபிடித்தார். டியூப்பில் ஒட்டுப் போட்டால் அது காயப் பத்து நிமிடம் வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் கச்சேரிதான். சைக்கிளின் சில்லு கழன்று கிடப்பதால் ஒருவரும் எழுந்து ஓடவும் முடியாது. நாலாவது மாதம் சனம் காற்றுப் போன சைக்கிளை மைல் கணக்கில் தள்ளியிருக்கும் தருமபுரம் வரை உருட்டிக்கொண்டு போகத் தொடங்கியது. கறள் பிடித்த கேற்றைத் திறந்து மூடுகிற மாதிரியான அந்தச் சத்தத்தை நான் காலையில் வீட்டிலும் கேட்டேன், மாலையில் சந்தியிலும் கேட்டேன். ஒரு தரம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் திட்டியும் விட்டேன். "இன்னும் பன்ரெண்டு தரம்தான் கிடக்கு," என்று பணிவாகப் பதில் வந்தது.

2004இல் சங்கீத சபை நடத்தும் பரீட்சைகளில் முதற்படியான முதலாந்தரப் பரீட்சை. கிளிநொச்சிக்கு என்னுடைய மோட்டார் சைக்கிளில்தான் போனோம். பரீட்சகர் காலைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று இரஞ்சிதம் இரண்டு பாதத்துக்கும் புதுச் சொக்ஸ் போட்டு அனுப்பியிருந்தார். மண்டபத்து வாசலில் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளும் அவர்களின் தாய்மாரும் நிறைந்திருந்தார்கள். ஒரு தாய் இவரிடம், "உங்கட பிள்ளை எங்க?" என்று கேட்டார்.

"நான்தான் பிள்ளை," என்றார் ராஜரத்தினம்.

அவருடைய முறை வந்ததும் நான் யன்னலருகே போய் நின்றேன். பரீட்சகர் சிரித்தே பழக்கமில்லாத ஒரு வயதான மனிதர். ராஜரத்தினம் தரையில் அமர்ந்து வில்லை எடுத்தார். பொலிஷ் போட்ட சிவப்புச் சீமெந்துத் தரை, புதுச் சொக்ஸ். இரண்டாவது வரியில் பாதம் நகரத் தொடங்கியது. பாதத்தோடு வயலின் போனது, வயலினோடு ராஜரத்தினம் போனார். வாசிப்பை மட்டும் விடவில்லை.

"காலைக் கொஞ்சம் உள்ளுக்கு இழுங்கோ," என்றார் பரீட்சகர்.

"அது என்ர சொல்லுக் கேளாது ஐயா," என்றார் இவர், ஏறக்குறையப் படுத்த நிலையில்.

சொல்லி முடிய, முழங்காலில் கட்டியிருந்த பட்டி கழன்று கால் தனியாக வந்துவிட்டது. பரீட்சகர் எழுந்து நின்றார். எல்லாம் முடிந்தது, இனி ஊர் உள்ளவரைக்கும் கால் ராசரத்தினம்தான் என்று நினைத்தேன். பரீட்சகரோ குனிந்து காலை எடுத்துக் கொடுத்து, ராஜரத்தினம் அதைத் திரும்பக் கட்டும் வரை பொறுத்திருந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தரையில் குந்தினார். இரண்டு கையாலும் அந்தப் பாதத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப வாசியுங்கோ. முதலில இருந்து."

வாசித்தார். எனக்குக் கண் கலங்கியது, சிரிப்பையும் அடக்க முடியவில்லை. முழுதும் முடியும் வரை பரீட்சகருக்குப் புள்ளி போடக் கை இருக்கவில்லை.

நடந்ததை ஒருவருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்தேன். பொழுதுபடுவதற்குள் நாலு பேருக்குச் சொல்லிவிட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் அடுத்த மாதம் பெறுபேறு வந்தபோது சான்றிதழுக்கு நானே பிரேம் போட்டுக் கொடுத்தேன். ராஜரத்தினம் அதைக் கடையில் காற்றுப் பம்புக்கு மேலே மாட்டி, ஒட்டுக் காயும்வரை வந்தவர் போனவர் எல்லோருக்கும் விளக்கினார். ஊரும் சளைக்கவில்லை. முதலாந்தர ராசரத்தினம் என்று பெயர் வைத்துவிட்டது.

அடுத்த வருடம் ஒருநாள் கடும் கோபத்தோடு சங்கக்கடைக்குள் வந்தார்.

"கிளாக்கர், நான் ரெண்டாந்தரமும் பாஸ் பண்ணீட்டன். சனம் இன்னும் முதலாந்தரம் எண்டுதான் கூப்பிடுது. இதென்ன அநியாயம். சங்கத்து நோட்டீஸ் போட்டில ஒருக்கா எழுதிப் போடுங்கோ."

அரை மணித்தியாலம் கத்தினார். சங்கத்துப் பலகை மண்ணெண்ணெய் அறிவித்தலுக்கு மட்டும்தான் என்று நானும் விட்டுக்கொடுக்காமல் நின்றேன். கடைசியில் காலை இழுத்து இழுத்துப் படியிறங்கிப் போனார்.

மா வாங்க நின்ற வடிவம்மா அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயபுரத்திலிருந்து மகள் வீட்டுக்குக் குடிவந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

"முதலாந்தரம் ஏன் இண்டைக்கு நொண்டுறார்? எங்கயும் விழுந்திட்டாரோ?"

"அவருக்கு ஒரு கால் இல்லையெல்லோ அக்கா. மிதிவெடி."

"அப்பிடியே? நாலு மாசமா அவரிட்டத்தான் சைக்கிளுக்கு ஒட்டுப் போடுவிக்கிறன். ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே. முதலாந்தரம் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம்."

மாவை நிறுக்காமல் தராசிலேயே விட்டுவிட்டு நான் றோட்டுக்கு ஓடினேன். ராஜரத்தினம் அதற்குள் சந்தியைத் தாண்டியிருந்தார். வடிவம்மா சொன்னதை அவரிடம் உடனே சொல்ல வேண்டியிருந்தது.