எஞ்சினுக்குள் பட்டு நூல்

போன ஞாயிற்றுக்கிழமை ஓர் எஞ்சினைக் கழற்றச் சொன்னார்கள். ஜெயித்த எஞ்சின். சூடுகூட ஆறவில்லை.

கெட்டுப்போன எஞ்சினைத்தான் இத்தனை வருஷமாகக் கழற்றியிருக்கிறேன். நன்றாக ஓடியதற்காக ஒன்றைக் கழற்றியது இதுதான் முதல் தடவை.

எங்கே என்று சொல்லிவிடுகிறேன். மெட்ராஸுக்கு வடக்கே, யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுபாதை ஒன்று இருக்கிறது. இப்போது அங்கே விமானம் இறங்குவதில்லை. கார் ரேஸ் விடுகிறார்கள். ராஜா வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். காஞ்சிபுரத்திலிருந்து சம்பந்தம் வருவான்.

சம்பந்தம் நெசவாளி. பெரிய காஞ்சிபுரத்தில் தறி. ஆறு நாள் தறி மிதிப்பான். ஏழாவது நாள் ஆக்ஸிலேட்டர் மிதிப்பான். ஒற்றை சீட்டு வண்டி. உடம்பு நாங்களே தகரத்தில் தட்டியது. சீட்டுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின் – பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. ஐநூறு சிசி. அதைச் செய்த கம்பெனியை மூடியாகிவிட்டது. எஞ்சினுக்கு அது தெரியாது. ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த எஞ்சினுக்கு வைத்தியர் நான்.

இந்தத் தடவை எங்களோடு இன்னொருவரும் வந்தார். தாமல் கிராமத்து முனுசாமி. அவருக்கு ரேஸ் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற அவருடைய ஆயில் எஞ்சின் என் பட்டறையில் பிரிந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லியிருந்தேன். சரியாக வந்துவிட்டார். நான் லாரியில் ஏறிக்கொண்டிருந்தேன்.

"எங்க போற?"

"ரேஸுக்கு."

"என் எஞ்சினு?"

"நாளைக்கு."

"நீ சொல்ற நாளைக்கு எந்த மாசத்துல வருது? நானும் வரேன். உன்னைப் பாத்துக்கினே இருந்தாத்தான் வேலை நடக்கும்."

ஏறிவிட்டார். யாரால் தடுக்க முடியும்?

ரேஸில் பத்து வண்டி. அங்கே ஒரு விதி உண்டு. எந்த வண்டி பாதையில் ஆயில் ஒழுக விடுகிறதோ, அதைக் கொடி காட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள். நியாயம்தான். பின்னால் வருகிறவன் வழுக்கி விழுவானே.

எல்லாம் பழைய எஞ்சின்கள். மூட்டு ஒழுகாமல் இருக்க வைக்கிற கேஸ்கெட், அதில் நல்லதுக்கு அலைய வேண்டிய தேசம். ஒழுகாமல் என்ன செய்யும்? ஒவ்வொன்றாகக் கொடி வாங்கிக்கொண்டு ஓரம் போயின. கடைசிச் சுற்றில் மிச்சம் மூன்று வண்டி. சம்பந்தம் முதலில் வந்தான். அவன் யாரையும் முந்தவில்லை. முன்னால் போனவர்கள் போய்விட்டார்கள் – அவ்வளவுதான்.

இரண்டாவதாக வந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் முதலாளியின் மகன். கப்பலில் வந்த எஞ்சின் வைத்திருக்கிறார். இறங்கியதும் நேராக ரேஸ் நடத்துகிற கமிட்டிக்குப் போனார்.

"காஞ்சிபுரம் வண்டி எஞ்சின்லேருந்து சிவப்பா ஏதோ ஆடிக்கிட்டே வந்துச்சு. பின்னாலயே வந்தேன். என் கண்ணால பார்த்தேன்."

பின்னாலேயே வந்தவர் சொன்னால் நம்பத்தான் வேண்டும். வேறு எதைப் பார்த்திருக்க முடியும் அவர்?

எஞ்சினைக் கழற்று என்றார்கள். கழற்றினேன்.

எஞ்சினின் அடி உறை, கிராங்க் கேஸ், இரண்டு பாதியாக வரும். இரண்டையும் சேர்த்து மூடி போல்ட் முடுக்க வேண்டும். எங்கள் எஞ்சினில் அந்த இரண்டு பாதியும் லேசாகக் கோணல். என்ன கேஸ்கெட் போட்டாலும் மூன்று சுற்றில் ஒழுகும். பட்டாளத்தில் இருந்த ஒருத்தர் முன்பு சொல்லியிருந்தார் – விமான எஞ்சினிலேயே மூட்டு வாயில் பட்டு இழை வைத்து மூடுவார்கள் என்று. பட்டுக்கு எங்கே போவது என்று காஞ்சிபுரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். சம்பந்தம் தறியிலிருந்தே நூல் எடுத்து வந்தான். அரக்கு நிறம். என் விரல் ஸ்பானர் பிடித்த விரல், நூலுக்கு ஆகாது. அவனே வைத்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஆனால் நுனியை அறுக்காமல் விட்டிருக்கிறான். ஒரு விரல் நீளம். மூட்டுக்கு வெளியே, வால் மாதிரி. எண்பது மைல் வேகத்தில் அது ஆடியிருக்கிறது.

"ஏன்பா வால் விட்ட?" என்றேன்.

"அறுத்துட்டா அடுத்த பாவை எதுலண்ணா பிணைக்கறது?"

தறியில் அதுதான் வழக்கம். நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு. பழைய பாவின் நுனியை விட்டுவைத்துப் புதுப் பாவின் இழையை அதோடு பிணைப்பார்கள். கை பழகிவிட்டது. எஞ்சினுக்கு ஏது அடுத்த பாவு?

அன்றைக்கென்று பார்த்துக் கமிட்டியில் இன்னொரு வேலையும் இருந்தது. வருகிற வருஷங்களில் ரேஸ் எஞ்சின் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யக் கூட்டம். ஷாமியானா, நாற்காலி, டீ. மற்ற ஒன்பது டிரைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் எஞ்சினை மேஜைமேல் பிரித்துப் போட்டு, அதைச் சுற்றியே கூட்டம் நடந்தது. கல்யாண வீட்டில் பலகாரம் வைத்த மாதிரி.

இங்கே ஒரு விஷயம். நான் இந்தப் பத்திரிகையில் எழுதுவதைப் படித்துவிட்டு வேலூரிலிருந்து ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருந்தார் – வெளிநாட்டுப் பெரிய ரேஸில் இனிமேல் என்ன எஞ்சின் வரும்? எனக்கு எழுதுகிறார் பாருங்கள். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். இங்கிலீஷ் பத்திரிகையில் படம் பார்ப்பேன். தபாலாபீஸ்காரர் படித்துச் சொல்லுவார். அவர் சொன்னது இது.

அங்கே ஒரு காலத்தில் இரண்டரை லிட்டர் எஞ்சின். வேகம் அதிகம், ஆள் சாகிறான் என்று ஒன்றரை லிட்டர் ஆக்கினார்கள். வேறு கார்களெல்லாம் ரேஸ் காரை முந்துகின்றன என்று கேலி வந்தது. சரி, மூன்று லிட்டர். அமெரிக்காவில் ஒருத்தன் பிஸ்டனே இல்லாத எஞ்சினை வைத்து ஓட்டினானாம், விமானத்தில் இருக்கிற மாதிரி. ஜெயிக்கப் பார்த்தது. உடனே, அந்த எஞ்சினுக்குக் காற்று போகிற வாயைச் சின்னதாக்கு என்று விதி. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடு என்கிற மாதிரி.

இதுதான் நடப்பு. நம்ம கமிட்டிக்கு வருகிறேன்.

கமிட்டித் தலைவருக்கு நரைத்த மீசை. நல்ல மனுஷர். டைப் அடித்த காகிதத்தை இங்கிலீஷில் படித்தார். எங்கள் முகத்தைப் பார்த்தார். தமிழில் சொன்னார்.

"பழைய பார்ட் தேஞ்சு போனா அதே மாதிரி செஞ்சு போட்டுக்கலாம். தப்பில்ல. ஆனா கம்பெனி வைக்காத எதையும் எஞ்சினுக்குள்ள புதுசா சேர்க்கக் கூடாது. இதான் இனிமே ரூல்னு யோசனை."

மில்காரர் மகன் நூலை இடுக்கியால் தூக்கிக் காட்டினார். செத்த எலியைத் தூக்குகிற மாதிரி.

"அப்ப இது?"

"நூல்" என்றேன்.

"நூல்னு தெரியுது. எதுக்கு?"

"ஒழுகாம இருக்க."

ஒன்பது பேரும் நூலைப் பார்த்தார்கள். ஏழு பேர் ஒழுகித்தான் வெளியே போனவர்கள்.

சம்பந்தம் நின்றுகொண்டே இருந்தான். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நூல் கூடாது என்றால் எஞ்சின் ஒழுகும். ஒழுகினால் கொடி. இன்றைய ஜெயமும் போகும். வேறு எஞ்சின் வாங்க அவனால் ஆகாது. அதோடு ரேஸ் முடிந்தது அவனுக்கு.

"அந்த ரூலு நூலைக் கூடாதுங்குது" என்றேன் தலைவரிடம். "இந்த ரூலு ஆயிலு ஒழுகக் கூடாதுங்குது. ரெண்டுல எதுங்க?"

அவர் மீசையைத் தடவினார். பிறகு எழுந்துபோய் வரிசையாக நின்ற வண்டிகளுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கறுப்பு வட்டம். எங்கள் வண்டி நின்ற இடத்தில் மண் சுத்தமாக இருந்தது.

முனுசாமி என் காதருகே வந்தார். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. ஷாமியானா முழுக்கக் கேட்டது.

"எங்க ஏரி கூட்டம் மாதிரியே இருக்குதுபா. மதகு பக்கத்துல நெலம் வச்சிருக்கறவன் என்னிக்காவது கூட்டம் போட்டு நான் பாத்ததில்ல. கடைமடைக்காரன்தான் போடுவான். தண்ணி வரலன்னு."

"நீங்க எங்க?"

"நான் கடைமடை. வருசா வருசம் நான்தான் கூட்டம் போடறேன்."

தலைவர் சிரித்துவிட்டார். மில்காரர் மகன் சிரிக்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்து தலைவர் சொன்னார். "தம்பி, ஒண்ணு செய்யலாம். என்ன நூல், எத்தனை இழை, எப்படி வைக்கணும் – எல்லாரும் கேட்கச் சொல்லிடுங்க. எல்லாரும் போடலாம்னா அது ரூல். இன்னிக்கு ஜெயிச்சதும் நிக்கும். சொல்ல மாட்டேன்னா நூலைத் தடை பண்றதைத் தவிர எனக்கு வழியில்ல."

சம்பந்தம் என்னைப் பார்த்தான்.

பக்கத்துத் தறிக்காரன் எட்டிப் பார்த்தாலே பாவின் மேல் துண்டைப் போட்டு மூடுகிறவன் அவன். டிசைன் வெளியே போனால் அடுத்த வாரம் நாலு வீட்டில் அதே புடவை இருக்கும். அவனைப் போய்ச் சொல்லச் சொல்கிறார்கள். ஒன்பது பேர் முன்னால்.

"என்னண்ணா செய்ய?"

"உன் எஞ்சினு" என்றேன். வேறு என்ன சொல்ல? விடிய விடிய யோசித்தாலும் எனக்கு அதற்குமேல் வந்திருக்காது.

டீயை எடுத்தான். குடித்தான். ஆறிப்போயிருக்கும். டம்ளரை மேஜையில், எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"பேனா வச்சிருக்கறவங்க எழுதிக்கோங்க" என்றான்.

சடசடவென்று பாக்கெட்டுகளில் கை போயிற்று.

"நாலு இழை. முறுக்கு ஏத்தின நூலு. ரெண்டு பாதியிலயும் அரக்கு கரைச்சு மெல்லிசா தடவணும். போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமா நூலைச் சுத்தி வைக்கணும். இழுத்து வைக்கக் கூடாது. தொய்வாவும் இருக்கக் கூடாது."

"சரிகை சேர்த்தா இன்னும் பலமா இருக்குமா?" என்று ஒரு ராஜா வீட்டுப் பிள்ளை கேட்டார். நிஜமாகத்தான் கேட்டார்.

"எஞ்சினுக்கு என்னாங்க, கல்யாணமா?"

அவர் அதையும் எழுதிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"ரெண்டு நுனியும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறணும். போல்ட்டை எதிரெதிரா முடுக்கணும். அப்புறம்..." கொஞ்சம் நிறுத்தினான். "நுனியை அறுத்துடணும்."

இதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை.

எழுதி முடித்தார்கள். மில்காரர் மகன் கையெழுத்து அழகு. கடைசியில் வந்து சம்பந்தத்துக்குக் கை கொடுத்தார். எந்தத் தெருவில் நல்ல நூல் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டார். புதன்கிழமை இரண்டு கார் பெரிய காஞ்சிபுரத்துக்குள் நுழைந்து வழி விசாரித்தன என்று கேள்வி. புடவைக்கு இல்லை என்றதும் கடைக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லையாம்.

எஞ்சின் எத்தனை சிசி இருக்கலாம் என்பதற்குத்தான் கூட்டம் கூடியது. அது முடிவாகவில்லை. டீ தீர்ந்துவிட்டது.

வேலூர் வாசகருக்குப் பதில் இப்போது சொல்லலாம். நாளைக்கு என்ன எஞ்சின் வரும் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு என்ன விதி வரும் என்று சொல்ல முடியும். இன்றைக்கு யார் எஞ்சின் முன்னால் போகிறது என்று பாருங்கள். அதைப் பிடித்து இழுக்கிற மாதிரி ஒன்று வரும். அதற்குப் பாதுகாப்பு என்று பேர் வைப்பார்கள். இல்லாவிட்டால் சிக்கனம். நான் குறை சொல்லவில்லை. இழுக்காவிட்டால் ஒருத்தனே ஓடிக்கொண்டிருப்பான். அதை யார் பார்ப்பார்கள்?

திரும்பி வரும்போது லாரியில் சம்பந்தம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பரிசுக் கோப்பை மடியில் இருந்தது. ஜெயித்தவன் முகமாக இல்லை. சுங்குவார்சத்திரம் தாண்டியதும் முனுசாமிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாபா? எஞ்சினு தப்பிச்சிடுச்சு. பரிசும் கெடச்சிடுச்சு. அப்புறம் ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கினு வர?"

"இனிமே ஒருத்தன் வண்டியும் ஒழுகாது நைனா. பத்து வண்டியும் கடைசி வரைக்கும் ஓடும்."

"ஓடட்டுமே. உனக்கு என்ன?"

சம்பந்தம் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இனிமே நான் வேகமா ஓட்டணும்."