முப்பத்தொரு மீட்டர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பிப்ரவரி பதினான்காம் தேதி, டிரோல் பனிமலையில், பட்டப்பகலில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

நான், என் மனைவி ஆஃப்ரா, அவள் தம்பி குவிரின். காலை 8.05-க்குப் பனிச்சறுக்குக் கட்டைகளோடு ஏறத் தொடங்கினோம். பனியில் புதைந்தால் ஆளைக் கண்டுபிடிக்க எங்கள் எல்லோர் நெஞ்சிலும் சிக்னல் அனுப்பும் ஒரு சிறு கருவி இருக்கும். கிளம்பும்முன் ஒருவர் தன் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றிவிட்டு நிற்பார். மற்றவர்கள் அவரைக் கடந்து போக வேண்டும். அன்று நான் நின்றேன். இருவர்தான் கடந்து போனார்கள். என் கருவி மூன்று பேரைக் காட்டியது.

"மூணு காட்டுது," என்றேன்.

"உன் தொப்பையையும் சேத்து எண்ணியிருக்கும் மச்சான்," என்றான் குவிரின்.

அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். இரண்டு காட்டியது. அதோடு மறந்துவிட்டோம்.

11.30-க்கு, இறங்கும் வழியில், உச்சிக்குக் கீழே நின்றோம். இரவுக் காற்று அந்தச் சரிவில் புதுப்பனியைக் குவித்து வைத்திருந்தது. காலுக்கடியில் ஒருமுறை 'வும்ம்' என்று அமுங்கியது. அடியில் பிடிப்பில்லை என்று அர்த்தம்.

"இந்தப் பக்கம் வேண்டாம். சுத்திப் போவோம்," என்றாள் ஆஃப்ரா.

"சுத்தினா ஒரு மணி நேரம் வீண். மாப்ள, நீ முதல்ல இறங்கு. என்ன, பயமா?" என்றேன்.

இருபத்தாறு வயதுக்காரனிடம் இப்படிக் கேட்டால் அவன் இறங்காமல் என்ன செய்வான்? கேட்ட வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

11.42. மூன்றாவது வளைவில் திரும்பினான். அவனுக்கு மேலே, சரிவின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. மொத்தப் பனியும் அவனோடு போய்விட்டது.

பதினைந்து நிமிடம். அதற்குள் எடுத்தால் பெரும்பாலும் உயிர் இருக்கும். மீட்புக் குழுவுக்குப் போன் செய்தபடியே இறங்கினோம். இருவரும் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றினோம். திரையில் இரண்டு ஆட்கள். ஒன்று 12 மீட்டரில். இன்னொன்று 31 மீட்டரில்.

"உன் கருவி இன்னும் சிக்னல் அனுப்புது. மாத்து," என்று கத்தினேன்.

"மாத்திட்டேன். எனக்கும் ரெண்டு காட்டுது."

கிட்ட இருப்பதை முதலில் தோண்டு. எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விதி அது. தோண்டினோம்.

11.49. கீழேயிருந்து... டொக்... டொக்...

"மச்சான்... இங்க... சீக்கிரம்..."

குவிரினின் குரல். ஆஃப்ரா அழுதுகொண்டே பனியை வாரினாள்.

11.56. ஒன்றரை மீட்டர் ஆழம்.

"இன்னும் கொஞ்சம்..."

12.03. மண்வாரி பாறையில் இடித்தது.

யாரும் இல்லை.

பாறைக்கு அடியிலிருந்து, நிதானமாக...

"போதும் மச்சான்."

திரையைப் பார்த்தேன். ஒரே ஓர் ஆள். 31 மீட்டர்.

குவிரின் அரை மீட்டர் ஆழத்தில்தான் கிடந்தான். ஐந்து நிமிட வேலை. உடம்பில் சூடு இருந்தது. உயிர் இல்லை.

கருவிக் கோளாறு என்றார்கள் மீட்புக் குழுவினர். பயத்தில் காது எதையாவது கேட்கும் என்றார்கள். நானும் அப்படியே நம்பப் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்து, அவன் தலைக்கவசத்தில் இருந்த கேமராவைத் திருப்பித் தந்தார்கள். சமையலறையில் உட்கார்ந்து நானும் ஆஃப்ராவும் போட்டுப் பார்த்தோம். படம் வெறும் இருட்டு. ஒலி மட்டும் பதிவாகியிருந்தது. குவிரின் கத்துகிறான். தூரத்தில் எங்கள் மண்வாரிச் சத்தம். பிறகு, அவன் காதுக்கு மிக அருகில், ஒரு குரல்.

"கத்தாத மாப்ள. பக்கத்துலதான் இருக்கேன். பேசாம படு."

"சரி மச்சான்," என்றான். அதற்கப்புறம் அவன் கத்தவே இல்லை.

அது என் குரல்.

ஆஃப்ரா கேமராவை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கடைசிவரை என் பக்கத்திலேயே நின்று தோண்டியவள் அவள். "நீ அங்க போகவே இல்லையே" என்று சொல்வாள் எனக் காத்திருந்தேன்.

அவள் சொல்லவில்லை.