ஐந்தேகால் அடி வாசல்

பங்குத்தந்தை என் வீட்டுக்கு வந்த அன்று, வன்னியின் தர்மபுரத்தில் எங்கள் முற்றத்தில் நெல்லைக் காயவிட்டுக் காகம் விரட்டிக்கொண்டிருந்தேன். மேசன் வேலையை விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. முழங்கால்கள் இரண்டும் சாரத்தில் ஏற மறுத்த நாளிலேயே சாந்துக் கரண்டியைக் கழுவி, எண்ணெய் பூசி, அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன்.

"ஐயா, ரீச்சரின்ர வீட்டைத் திருத்தப் போறம். நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு செய்து தரவேணும்," என்றார் அவர்.

அவர் சொல்லி முடிக்குமுன் நான் "ஓம்" என்றேன். குசினிக்குள் இருந்து என் மனைவியின் சிரிப்புக் கேட்டது. நாங்கள் மலைநாட்டில் பிறந்தவர்கள். அவளுடைய பேச்சு இன்னும் அந்த மலையிலிருந்து இறங்கவில்லை. "ஏங்க, முழங்கா வலி எங்க போச்சு?" என்றாள்.

ரீச்சர் என்று சனம் அழைத்த அம்மையாரை அறியாதவர்களுக்காகச் சில வரிகள் எழுதவேண்டும். அவர் கன்னியாஸ்திரி அல்லர். எந்த மடத்திலும் சேர்ந்தவரும் அல்லர். பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு கத்தோலிக்கப் பெண். திருமணம் செய்யாமல், தம்மைப் போன்ற இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பாதையே இல்லாத குடியேற்றங்களுக்கு இருவர் இருவராகச் சைக்கிளில் போனார். பிள்ளைகளுக்கு எழுத்து, தாய்மாருக்கு மருந்து, விரும்பிக் கேட்டவர்களுக்கு மாத்திரம் செபம் என்பதே அவர்கள் கொண்டுபோனது. அந்தச் சிறு கூட்டம் இன்று வன்னிக்கு வெளியேயும் பரந்து வேலை செய்கிறது. அது தொடங்கிய இடம், உருத்திரபுரத்துக்குப் போகும் வழியில் வாய்க்கால் ஓரமாக நின்ற ஒரு மண்கல் வீடு. அம்மையார் இறந்த பின்னர் போர் அதன் கூரையைக் கொண்டுபோயிற்று. கூரை போன சுவர்களை மாரி மழை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது.

அந்த வீட்டில் எட்டு மாதங்கள் சோறு உண்டவன் நான். கலவரத்துக்குப் பயந்து தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தை விட்டு லொறியில் ஏறி இங்கே வந்து இறங்கியபோது எனக்கு இருபது வயதும் நிறைந்திருக்கவில்லை. மனைவி நிறைமாதம். வீதியோரத்தில் எங்கள் மூட்டையின் மேல் அவள் உட்கார்ந்திருந்ததைக் கண்டு சைக்கிளை நிறுத்திய பெண்மணி, எங்கே போகிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. "பிள்ளை, எழும்பி வா," என்றார். தாம் படுக்கும் அறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, தோழியரோடு கூடத்தில் பாய் விரித்துக்கொண்டார். எங்கள் மூத்த மகள் அந்த அறையில்தான் பிறந்தாள். நாங்கள் சைவர்கள். குழந்தைக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு செய்ய வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது, வெற்றிலையும் பழமும் வாங்கி வந்து தந்தவரும் அவரே.

இலவசமாக உண்ட சோறு எனக்கு நெஞ்சில் நின்றது. அந்நாட்களில் அம்மையார் வீட்டின் பக்கத்தில் இன்னோர் அறை கட்ட நினைத்து மேசன் தேடிக்கொண்டிருந்தார். "எனக்கு மேசன் வேலை தெரியும்," என்று சொன்னேன். அது முழுப் பொய். தோட்டத்தில் மேசன்மாருக்குக் கல் சுமந்திருக்கிறேன். ஒரு கல்லையேனும் வைத்தவன் அல்லன். அம்மையார் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்ப நாளைக்கே தொடங்குங்கோ தம்பி," என்றார்.

சுவர் எப்படியோ எழும்பிவிட்டது. வாசலில்தான் பிழை விட்டேன். என்னிடம் அளவுநாடா இல்லை. நான் பிறந்து வளர்ந்த லயத்துக் காம்பராவின், அந்த ஒற்றை அறையின், வாசல், வளர்ந்த பின்னர் என் தலைக்கு இரண்டு விரல் மேலே நின்றது. வாசல் என்றால் அந்த உயரந்தான் என்பதில் எனக்கு ஐயம் எழவில்லை. ஒரு தடியை என் உடம்போடு நிறுத்தி, தலைக்கு மேல் இரண்டு விரல் விட்டு வெட்டி, அதைத் தச்சரிடம் கொடுத்தேன். நானோ கட்டை ஆள். தச்சர் தடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தம்பி, இது வாசலோ, யன்னலோ?" என்று கேட்டார். அவர் பகிடி விடுகிறார் என்று எண்ணி நானும் சிரித்தேன்.

அம்மையார் நல்ல உயரம். அறைக்குள் முதல் தடவை நுழைந்தபோதே நெற்றி நிலையில் மோதிய சத்தம் குசினி வரைக்கும் கேட்டது. அவர் நெற்றியைத் தடவியபடி, "வளர்ந்தது என்ர பிழை," என்றார். அன்றிரவே அந்த அறைக்குத் தம்முடைய கட்டிலை மாற்றிவிட்டார். பின்னர் எங்களுக்குத் தர்மபுரத்தில் காணி எடுத்துத் தந்து, ஒரு கோயில் வேலையில் கெட்டிக்கார மேசன் ஒருவரிடம் என்னைச் சேர்த்தும் விட்டார். மெய்யான மேசன் வேலையை அங்கேதான் கற்றேன். ஞாயிறு தவறாமல் சைக்கிளில் போய் அவரைப் பார்த்து வருவேன். அவர் மீண்டும் தலையை இடித்துக்கொண்டதை நான் காணவில்லை. பழகிவிட்டார் என்று நினைத்து ஆறுதல் அடைந்தேன்.

அவர் காலமான பின்னர் அந்த வாசலுக்கு ஒரு கதை முளைத்தது. தம் அறைக்குள் வருகிற எவரும், பெரியவரானாலும், தலை குனிந்தே வரவேண்டும் என்று தாழ்மையின் அடையாளமாக ரீச்சர் அதைத் தாழக் கட்டுவித்தார் என்று சொன்னார்கள். செபத் துண்டுப் பிரசுரத்திலும் அப்படியே அச்சாயிற்று. சனம் அந்த வாசலில் குனிந்து, சிலுவை அடையாளம் போட்டு, நுழைந்தது. அங்கே குனியாமல் நுழையக்கூடியவன் நான் ஒருவன்தான். அதற்குள் வன்னியில் பேர் சொல்லக்கூடிய மேசனாகிவிட்டேன். அந்தக் கோணல் வாசல் என் கைவேலை என்று சொல்ல எனக்கு வெட்கம். வாயை மூடிக்கொண்டேன்.

இனித் திருத்த வேலைக்கு வருகிறேன். பற்றைகளை வெட்டி, சுவரில் வேரோடிய ஆலங்கன்றைப் பிடுங்கி, கரைந்த இடங்களுக்கு அதே மண்ணில் கல் அரிந்து வைத்தோம். பழைய சுவரோடு சீமெந்து ஒட்டாது. ஒட்டினாலும் சுவரை மூச்சுவிட விடாது. ஆகவே சுண்ணாம்புச் சாந்தே பூசவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பங்குத்தந்தை சம்மதித்தார். தாழ்ந்த வாசலின் நிலையைக் கறையான் தின்றிருந்தது. மேற்சட்டம் மாத்திரம் பாலை மரமாதலால் தப்பியது. அதில் ஒரு சாண் இடைவெளியில் துருப்பிடித்த இரண்டு ஆணிகள் இருந்தன. நான் அடித்தவை அல்ல. திரை கட்டுவதற்கு யாரோ அடித்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

திருத்தக் குழுவின் தலைவர் இளைப்பாறிய பாடசாலை அதிபர் ஒருவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துப் பாசனக் காணியில் குடியேறிய குடும்பம். ரீச்சரிடம் எழுத்துப் படித்தவர். அவர் ஒருநாள் என்னை ஒதுக்கமாக அழைத்தார்.

"ஐயா, வாசலடியில ஒரு கல்லுப் பலகை வைக்கப் போறம். அந்தக் காலத்தில இஞ்ச இருந்த ஆள் நீங்கள். ரீச்சர்தான் வாசலைத் தாழ வைக்கச் சொன்னவா எண்டு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைச்சுத் தந்தால் போதும். மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் தந்த வெற்றுக் கடதாசியோடு வீட்டுக்குப் போனேன். இதுவரை நான் பேசாமல் இருந்தேனே தவிரப் பொய் சொல்லவில்லை. இனி என் கையாலேயே எழுதவேண்டும். அதுவும் கல்லில் ஏறப்போகிறது. மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"எழுதுங்க. அந்தம்மாவுக்கு நெத்தி எலுமிச்சங்கா மாதிரி வீங்கி, நான் வெந்நி ஒத்தடம் குடுத்தேன்ல? அதையும் சேத்து எழுதுங்க," என்றாள்.

அடுத்த கூட்டம் கூரையில்லாத அந்தக் கூடத்திலேயே, பிளாஸ்ரிக் கதிரைகளைப் போட்டு நடந்தது. "எழுதிக்கொண்டு வந்தனீங்களோ?" என்றார் அதிபர். நான் எழுந்து வாசித்தேன்: இந்த வாசலைக் கட்டியவன் நான், ரீச்சர் உயரம் எதுவும் சொல்லவில்லை, வேலை தெரியும் என்று பொய் சொல்லி, அளவு தெரியாமல் கட்டினேன்.

அதிபர் கை நீட்டிக் கடதாசியை வாங்கி, தாமும் ஒருதரம் வாசித்தார்.

"அப்ப இவ்வளவு காலமும் சனம் குனிஞ்சு கும்பிட்டது உங்கட பிழையையோ?" என்றார் அதிபர்.

"ஓம் சேர்."

"லயத்து அளவில கட்டிப்போட்டு..." என்று தொடங்கியவர், தாமே நிறுத்திக்கொண்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தாம் நேசித்த ஒன்று கையிலிருந்து நழுவுவதைக் கண்டவர் வேறெப்படிப் பேசுவார்? பிறகு மெல்லச் சொன்னார்: "அப்பிடியெண்டால் தாழ வைக்க ஒரு காரணமும் இல்லை. இப்பத்தைய அளவில, ஆறே முக்கால் அடியில புது நிலை வைப்பம். பலகையும் வேண்டாம்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் என் பெயர் கெடும், கெடட்டும் என்று துணிந்து வந்தேன். வாசலே போய்விடும் என்று நினைக்கவில்லை. அந்த வீட்டுக்கு நான் கொடுத்தது அது ஒன்றுதான்.

பங்குத்தந்தை குறுக்கிட்டார். "அவசரப்படாதேங்கோ சேர். வவுனியாவில அக்கா இருக்கிறா எல்லோ. கூட்டிக்கொண்டு வந்து ஒருக்கா கேப்பம்."

அக்கா என்றது அம்மையாரின் முதல் தோழியருள் எஞ்சியிருக்கும் ஒருவரை. எண்பது வயதைத் தாண்டியவர். அடுத்த வாரம் பங்குத்தந்தை அவரைக் காரில் கூட்டிவந்தார். ஊன்றுகோலோடு கூடத்துக்குள் வந்து, தாழ்ந்த வாசலின் முன் நின்று, மேற்சட்டத்தை அண்ணாந்து பார்த்தார். அவர் கேட்ட முதற் கேள்வி, "சாக்கு எங்க?" என்பது.

"என்ன சாக்கு அக்கா?" என்றார் அதிபர்.

"தலையில அடிபடாமல் மடிச்சுக் கட்டியிருந்த சாக்கு. அதுக்குத்தானே உந்த ரெண்டு ஆணி. நான்தான் அடிச்சனான்." என் பக்கம் திரும்பினார். "இவர்தான் கட்டினவர். தன்னை மேசன் எண்டு சொல்லிப்போட்டு, சுவர் நேர் பாக்கிற தூக்குக்குண்டை, மேல பிடிக்கவேண்டிய கட்டையையும் நூலையும் சேத்துக் கீழ விட்டுப்போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டவர். அண்டைக்கே நாங்கள் குசினிக்குள்ள விழுந்து விழுந்து சிரிச்சனாங்கள்."

"ரீச்சருக்கும் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியாமலோ? மூண்டு தரம் மண்டையை இடிச்சுப்போட்டா. நிலையைக் கழட்டி உயத்துவம் எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான். 'வேண்டாம், அந்தத் தம்பி ஒவ்வொரு ஞாயிறும் வாறவர். தான் கட்டினதை உடைச்சுப்போட்டினம் எண்டு கண்டால் இனிக் கரண்டி தொடமாட்டார். அவர் பழகட்டும், அதுவரைக்கும் நான் குனியிறன்,' எண்டு சொல்லிப்போட்டா. நீங்கள் வாற நாளில சாக்கைக் கழட்டிக் கட்டிலுக்குக் கீழ ஒளிக்கிறது என்ர வேலை. பிறகு நீங்கள் பெரிய மேசனாகி வந்த நேரமும் வாசலைத் தொட விடேல்லை. 'இனி எனக்குக் குனியாமல் போகத் தெரியாது,' எண்டு சிரிப்பா."

பிறரிடமிருந்து எதை நான் ஒளித்துவைத்திருந்தேனோ, அதை எனக்காக இன்னொருவர் ஞாயிறுதோறும் ஒளித்துவைத்திருக்கிறார். நான் கட்டிய வீடுகள், பாடசாலைச் சுவர்கள், கிணற்றுக் கட்டுகள் எல்லாம் என் முன்னே வந்து நின்றன. அவற்றில் எதுவும் அந்த மடித்த சாக்கு இல்லாமல் எழும்பியிராது.

அதிபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னருகே வந்து, "ஐயா, அதே அளவில வையுங்கோ," என்றார். "ஒரு அங்குலமும் கூட்டவேண்டாம். பலகையை நான் புதிதாய் எழுதுறன்." அவர் எழுதியது இரண்டே வரி: இவ்வாசலை வேலை பழகிய ஒருவர் தாழக் கட்டினார், அவர் மனம் நோகாதிருக்க ரீச்சர் தம் வாழ்நாள் முழுவதும் குனிந்து சென்றார். என் பெயரைப் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

முதிரை மரத்தில் புது நிலை செய்வித்து, பழைய மேற்சட்டத்தையே அதற்கு ஏற்றி, இம்முறை தூக்குக்குண்டைச் சரியாகப் பிடித்து நிறுத்தினேன். உயரம் ஐந்தேகால் அடி. துருப்பிடித்த ஆணிகள் இருந்த துளைகளிலேயே புதிய ஆணிகளை அடித்தேன். மனைவி ஒரு யூரியாச் சாக்கைக் கொண்டுவந்தாள். அது சரிவராது என்று சணல் சாக்குத் தேடி எடுத்து, மூன்றாய் மடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

வீட்டை ஆசீர்வதித்த நாளில் சனம் வாசலில் குனிந்து குனிந்து போயிற்று. அதிபர் விருந்தினருக்குப் பலகையை வாசித்துக் காட்டிக்கொண்டே பின்புறமாக நடந்து, சாக்கில் தலையை முட்டிக்கொண்டார். எல்லாரையும்விட அவரே பலமாகச் சிரித்தார்.

கூட்டம் குறைந்த பின்னர் நான் வாசலடிக்குப் போனேன். அக்கா அறைக்குள் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் ஊன்றுகோலால் மேற்சட்டத்தைக் காட்டினார்.

"தம்பி, நீங்கள் வந்திட்டியள். சாக்கைக் கழட்டட்டோ?"

"வேண்டாம் அக்கா," என்றேன். "இருக்கட்டும்."