மூன்று கோடு காட்டும் பேட்டரி

கல்யாண வீடியோ எடுப்பவனுக்கு இரண்டு கண்டம்: ஒன்று மாப்பிள்ளை வீட்டார், இன்னொன்று பேட்டரி. தாலி கட்டும்போது கேமரா அணைந்தால் என்ன கதி என்று, தொண்ணூறுகளில் தாம்பரம் பக்கம் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு முழித்த உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? சார்ஜ் மூன்று கோடு காட்டும். நம்பி நாலு பேரை எடுப்பதற்குள் பொசுக்கென்று போய்விடும்.

கைப்பதம்

என் லைட்மேன் மாணிக்கம் அந்தக் கோடுகளை மதிக்கவே மாட்டார். பேட்டரியைக் கழற்றி, கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி உள்ளங்கையில் தூக்கிப் பார்ப்பார். "தாங்கும்" என்றால் தாங்குமாம். செம்பாக்கத்தில் ஒரு நிச்சயதார்த்தம். சரியாக மோதிரம் மாட்டும்போது கேமரா படுத்துவிட்டது. எனக்கு வந்ததே ஆத்திரம்! மனுஷன் செத்த பேட்டரியை மறுபடி தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் கனமாத்தான் கீது சார், கேமராலதான் இன்னாவோ கோளாறு."

சார்ஜர் போட்ட இடம்

சேலையூர் மண்டபத்தில் சார்ஜரைச் செருகிவிட்டு டிபனுக்குப் போனேன். திரும்பி வந்தால் என் பிளக் தரையில் கிடக்கிறது. அந்த இடத்தில் மைக் செட்காரர் ஒயர். "பாவி மனுஷா, தாலி கட்டுறதை எடுக்கணுமேய்யா!" என்று கத்தினேன். அவர் கேசட்டைத் திருப்பிப் போட்டபடியே சொன்னார்: "பாட்டு நின்னா மண்டபமே கேக்கும். உன் படம் நின்னா இப்ப யாருக்குத் தெரியப்போவுது?"

பெரியப்பா வருகிறார்

அது கோயில் கல்யாணம். பிளக் பாயிண்டே கிடையாது, இருப்பது ஒரே பேட்டரி. பெண்ணின் அப்பாவுக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை. மகள் கழுத்தில் தாலி ஏறுவதை டேப்பில்தான் பார்க்கப் போகிறார்.

அந்தக் கவலை பெண்ணின் பெரியப்பாவுக்கு இருந்தால்தானே? காரிலிருந்து இறங்கி நடந்து வருவதை எடுக்கச் சொன்னார். துண்டு சரியாக விழவில்லை என்று திரும்பப் போய் இறங்கினார். அப்புறம் தன் மருமகனோடு, அப்புறம் மாலையோடு. சார்ஜ் போய்விடும் என்றால், "அதான் மூணு கோடு காட்டுதே" என்று எனக்கே பாடம். கெட்டிமேளம் கொட்டியது, கோடு ஒன்றையும் காணோம். பேட்டரியை அக்குளில் இடுக்கிச் சூடேற்றிப் போட்டேன். கேமரா உயிர் பெற்றபோது அட்சதை தரையில் கிடந்தது.

பிறகு லீவில் வந்த பெண்ணின் அப்பா, டேப்பைப் பார்த்துவிட்டு நேரே என் கடைக்கு வந்தார். திட்டுவார் என்று நின்றேன். மெதுவாகத்தான் கேட்டார்: "எங்க அண்ணன் நாலு வாட்டி வந்து இறங்குறாரு தம்பி, எம்பொண்ணு கழுத்துல தாலி எப்ப ஏறிச்சு?"

பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று கூட ஒரு மாதிரி கணக்குப் போட்டுவிடலாம் ஐயா, பந்தா காட்ட இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்பதுதான் கடைசிவரை பிடிபடவே இல்லை.