மாதப்பன் அண்ணனின் முறை

மாதப்பன் அண்ணனைத் தேவராஜ மொஹல்லா டீக்கடை மேசையிலிருந்து விரட்டியவர்கள் நாம். நாம் என்றால் அந்த மேசையின் மற்ற ஐந்து பேரும், என்னையும் சேர்த்து.

ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது அவர் மனைவி சரோஜா அக்காவின் போன் வந்தது. "காவல் வேலைக்குக் கிளம்பிட்டு இருந்தாருங்க தம்பி. செருப்பு மாட்டக் குனிஞ்சவரு எந்திரிக்கல." பஸ் வந்தது. ஏறாமல் நின்றேன்.

நிர்வாகம் நமக்குத் தராமல் வைத்திருந்த போனஸைக் கேட்டதற்காக வேலையை இழந்தவர் அவர். நாம் போனஸை வாங்கிக்கொண்டு மெஷினுக்குத் திரும்பினோம். அவர் எட்டு வருடம் கோர்ட்டுக்கு நடந்தார். தீர்ப்பு வந்தபோது ஓய்வு வயது தாண்டிவிட்டது. எட்டு வருடச் சம்பளம் மட்டும் மொத்தமாக வந்தது. அது அவர் சொந்த ஊரான ராமாபுரத்துக் கடன்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஒரு டீயை இருவர் பகிரும் பை டூதான் நம் மேசையின் வழக்கம். பணம் வந்த அன்று அவர், "இன்னிக்கு ஆளுக்கு முழு டீ!" என்று கத்தினார். நினைவிருக்கிறதா?

அடுத்த வருடம் வருமான வரி நோட்டீஸ் வந்தது. குறைவாகக் கட்டியிருக்கிறீர்கள், மீதியைக் கட்டுங்கள் என்று. எட்டு வருடப் பட்டினியை ஒரே வருடச் சம்பாத்தியமாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். அதை வருடவாரியாகப் பிரித்துச் சலுகை கேட்க ஒரு படிவம் உண்டு. கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன்பே அதைக் கொடுத்திருக்க வேண்டும். பணம் கொடுத்த நிர்வாகம் அதைச் சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு தாக்கல் செய்துகொடுத்தவரும் சொல்லவில்லை. நான் எழுதிக் கொடுத்த மனுவும் பலிக்கவில்லை. தவணைதான் கிடைத்தது.

காவல் சம்பளத்தில் வாடகை, அக்காவின் சர்க்கரை மருந்து, அதோடு தவணை. எதைக் குறைப்பது என்று பார்த்தவர் நம் மேசையைக் குறைத்தார். வாரம் ஒருவர் முறை. அந்த வாரம் ஆறு பேர் டீயும் வடையும் முறைக்காரர் செலவு. அது இனி மாதப்பன் அண்ணனால் ஆகாது. நான் பணம் நீட்டினேன். என் விரல்களை மடக்கிவிட்டார். "முறை செய்ய வக்கில்லாதவன் மேசையில உக்காரக் கூடாது கண்ணு. யாருகிட்டயும் சொல்லிப்போடாத."

நான் சொல்லவில்லை. அவர் வராமல் போகவே, யாரையும் 'குரு' என்றே கூப்பிடும் ரவி ஒரு காரணம் சொன்னான்: "லட்சத்துல வாங்கிட்டாருல்ல, நம்ம பை டூ டீ இனி அவருக்கு இறங்குமா குரு?" மேசை முழுக்கச் சிரிப்பு. யாரும் அவர் வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

ஒரு மாலை பூக்கடைச் சந்தில் அவரைப் பார்த்தேன். டீக்கடையைத் தவிர்க்க மார்க்கெட்டையே சுற்றிக்கொண்டு போனார். "ஏண்ணா இப்படிச் சுத்திப் போறீங்க?"

"பாத்தா கூப்டுவானுங்க. கூப்ட்டா உக்கார ஆசை வந்துரும்." என் தோளில் கை போட்டு நடந்தார். பிறகு, "இன்னும் ரெண்டு தவணைதான் கண்ணு. கட்டிப்போட்டு வர்றேன். மொத வாரம் என் முறை. அந்த ரவிக்கு ரெண்டு வடையா வெச்சு வாயடைக்கறேன்," என்று சிரித்தார்.

ஒன்றைக் கட்டினார். இன்னொன்று நிற்கிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சுற்றுவழி. இப்போது வீட்டுக்கு நான் அதில்தான் போகிறேன். கூட யாரும் வருவதில்லை.

அவர் காரியம் முடிந்த மறுநாள் மட்டும் நேர்வழியில் வந்தேன். எல்லாவற்றையும் மேசையில் சொன்னேன். கடைசித் தவணை சரோஜா அக்காவின் தலையில் விழக் கூடாது, நாம் கட்டுவோம் என்றேன். "இது யாரு முறை?" என்று கேட்டேன். ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார். ரவி கடைக்காரரிடம் டீ சொன்னான்.

உங்கள் நால்வருக்கும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். அதனால் இங்கே எழுதிக் கேட்கிறேன்: இது யாரு முறை?