அத்தானின் லண்டன் கோவா

இந்த லண்டனில் நான் பார்க்கும் உத்தியோகத்தை ஊரில் ஒருவருக்கும் ஒழுங்காக விளங்கப்படுத்த முடிந்ததில்லை. காலையில் கண்ணாடி வீட்டுக்குள் போய், கத்தரிக்கோலைக் கிருமித் தண்ணீரில் தோய்த்து, தளதளவென்று நிற்கும் கோவா எனும் முட்டைக்கோசுக் கன்றுகளின் இலை ஓரங்களை வெட்டிவிடுகிறேன். சுகமாக நிற்பதற்கு நோயைக் கொடுப்பதுதான் வேலை. கொஞ்ச நாளில் விளிம்பு மஞ்சளாகி, நரம்பு கறுத்து, பெரும்பாலான கன்றுகள் அழுகி நாறும். ஒன்றும் நடக்காததுபோல் நிற்பவற்றை விதைக்கு வைத்துக்கொள்வோம். கறுப்பழுகல் வராத ஓர் இனத்தை உண்டாக்கத்தான் இத்தனை கொடுமையும்.

வந்த புதிதில், எங்கள் ஆராய்ச்சிப் பகுதிப் பெரியவர் கன்றுகளுக்கு மேலாக என்னைப் பார்த்து, "ஆர் தே ஹாப்பி?" என்று கேட்டார். எங்கள் தீவு ஊரான சரவணையில் நான் விட்டுவிட்டு வந்தவர்களைத்தான் விசாரிக்கிறார் என்று நெகிழ்ந்துபோய், அம்மா மட்டும் இடைக்கிடை அழுகிறாவாம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மனுசன் கன்றுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இங்கே முதலில் செடிகளின் மனநிலையைத்தான் விசாரிப்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

சரவணையில் அக்காவின் புருஷன், என் அத்தான், முந்தின வருடம் நட்ட கோவா முழுவதையும் இதே கறுப்பழுகலுக்குப் பறிகொடுத்திருந்தார். இன்னொரு போகமும் அப்படிப் போனால், தோட்டத்தை விட்டுக் கொழும்பில் யாருடைய கடையிலாவது போய் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. சாமான் வாங்க வருகிறவனிடம் "உது உமக்கென்னத்துக்கு?" என்று கேட்கக்கூடிய மனிதர் அவர். கடையும் தாங்காது, அவரும் தாங்கமாட்டார். ஆகவே பெரியவரிடம் கேட்டு, நோய்க்குத் தப்பிய கன்றுகளின் விதையில் ஒரு பிடி வாங்கி அனுப்பினேன். "உங்கள் வெயிலுக்கு எப்படியோ தெரியாது, கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கச் சொல்" என்றார் அவர். நானும் அப்படியே எழுதினேன். ஆனால் லண்டனிலிருந்து வந்த எதையும் கொஞ்சமாகப் பாவிக்கும் வழக்கம் எங்கள் தீவுகளில் கிடையாது. அத்தான் தோட்டம் முழுவதும் அதையே நட்டார். முதற் கோவா நயினாதீவு அம்மனுக்கு என்று நேர்த்தியும் வைத்தார்.

மாசியில் லீவில் போனேன். தோட்டத்தைக் கண்டதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஓர் இலையிலாவது மஞ்சள் இல்லை.

"ஒரு நோயும் வரேல்லை, அத்தான்" என்றேன்.

"ஓம், நோய் வரேல்லைத்தான். கோவாவும் வரேல்லை."

குனிந்து பார்த்தேன். எல்லாம் இலை. நடுவில் உருண்டு திரண்டிருக்க வேண்டிய இடத்தில் இன்னும் இரண்டு இலை வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"இது உருண்டு வர இஞ்சத்தைக் குளிர் காணாது" என்றேன், படித்தவன் குரலில்.

"குளிருக்கு நான் எங்கை போறது தம்பி? ஐஸ்பழக்காரனைக் கூப்பிடட்டோ?"

அக்கா அந்த இலைகளை அரிந்து தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்து போட்டாள். துவர்ப்பாகக் கயர்த்தது. நானும் அத்தானும் சோற்றோடு பிசைந்து விழுங்கினோம். அம்மனுக்கு ஒரு கட்டு இலையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, அத்தான் கொழும்புப் பயணத்துக்கு ஆயத்தம் செய்யத் தொடங்கினார். என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

நான் புறப்பட்ட நாள் காலையில் அத்தான் தோட்டம் முழுவதையும் பிடுங்கிக் குவித்திருந்தார். கிணற்றடியில் ஒரேயொரு கோவா மட்டும் நின்றது.

"இதை ஏன் விட்டனீங்கள்?"

"வெட்டத்தான் போனனான், மனம் வரேல்லை" என்றார் அத்தான், மண்வெட்டியைக் கழுவியபடி. "நோய் நொடி இல்லை, ஆள் நல்ல வாட்டசாட்டம். ஆனால் இந்த மண்ணிலை நிண்டு என்ன செய்யிறதெண்டு அதுக்குத் தெரியேல்லை. பார்க்க உம்மைப் பார்த்த மாதிரிக் கிடந்துது."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு வாளி தண்ணீர் அள்ளி அதன் அடியில் ஊற்றிவிட்டு வந்தேன்.