எழும்பாத தவலை அடை

அந்தக் காலை நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்பதுதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் அத்திம்பேர் மேல், பிறகு பல வருஷம் அப்பா மேல், கொஞ்ச காலம் வாயே திறக்காத அத்தை மேல்கூட. அவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கோபப்பட மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவின் தங்கையான அத்தை, கணவரை விட்டு எங்களோடு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. விட்டு வந்தாள் என்பது சரியில்லை. அப்பா நிறுத்தி வைத்துக்கொண்டார். தாத்தா இறந்தபோது அவள் கணவர், என் அத்திம்பேர், ஏதோ மலைக்காட்டில் நிலம் அளந்துகொண்டிருந்தார். செய்தி எட்டி அவர் வந்து சேர்வதற்குள் காரியங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. மாமனார் சாவுக்கு வராத மனுஷன் வீட்டில் இனி யாரும் கை நனைக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவர் கையால் சாப்பிட மறுத்தால் உறவு முறிந்தது என்று பொருள். மறுபடி சாப்பிட்டால்தான் ஒட்டும். அத்தையை யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. அத்தை எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். அப்பா கை ஓங்கினால் நடுவில் வந்து நின்றாள்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் அத்திம்பேர் வந்தார். வாசற்படியைத் தாண்டாமல் நின்றபடியே பேசினார்.

"உங்காத்துலயும் வேண்டாம், எங்காத்துலயும் வேண்டாம். நாளைக்குக் கார்த்தால எலியட்ஸ் பீச்சுல அடுப்பு மூட்டி நானே தவலை அடை பண்ணிப் போடறேன். எல்லாருமா உக்காந்து ஒரு வாய் சாப்பிடுங்கோ. நாளைக்கே அவளைக் கூட்டிண்டு போறேன்."

அப்பா விசிறியால் முதுகைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "பீச்சு யாராத்துச் சொத்தும் இல்லை. வரோம்" என்றார்.

ஊறவைக்க வேண்டிய ரவையையும் பருப்பையும், கூடவே தன் இரும்புச் சட்டியையும் அத்திம்பேர் அம்மாவிடம் கொடுத்தார். கன்னங்கரேலென்று, கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது. "காம்ப்புல பழகின சட்டி, மன்னி. அலம்ப வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அடையாறில் ஒரு சிநேகிதர் அறைக்குப் போய்விட்டார்.

அலம்ப வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதற்குச் சில நாள் முன்னால்தான், பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் எங்கள் தோசைக்கல்லைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள்.

"கல்லை யாராவது தேய்ப்பாளோ? இனிமே தோசை ஒட்டிக்காம எழும்புமா?" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா நீ, பளபளன்னு கீது. அதுக்கும் திட்றியே" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் அத்தை பெட்டியில் புடவைகளை அடுக்கினாள். அடுக்கும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அந்த முணுமுணுப்புதான் என்னைக் கொதிக்க வைத்தது. என்னை விட்டுப் போகிறவள் அழ வேண்டாமா? எல்லாரும் கோயிலுக்குப் போனதும் சட்டியைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போனேன். புளியும் செங்கல் பொடியும் போட்டு, அடியில் வெள்ளையாக இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். பிறகு எண்ணெய் தடவிப் பைக்குள் போட்டுவிட்டேன்.

எலியட்ஸ் பீச் இருக்கும் பெசன்ட் நகரில் அப்போது வீடுகளைவிட மணல்தான் அதிகம். அத்திம்பேர் எங்களுக்கு முன்பே வந்து, காற்றுப் படாமல் மணலில் குழி பறித்து, மூன்று செங்கல் வைத்து, சவுக்குச் சுள்ளி போட்டுத் தீ மூட்டியிருந்தார். பையிலிருந்து சட்டியை எடுத்ததும் ஒரு கணம் அதையே பார்த்தார். எண்ணெயை இன்னும் கொஞ்சம் தாராளமாக விட்டார்.

மாவைத் தட்டி மூடியதும் தேங்காயும் மிளகும் பெருங்காயமுமாக வாசனை கிளம்பியது. "மலையில இந்த வாசனைக்குக் கரடிகூட எட்டிப் பாக்கும்" என்றார்.

"பாத்துட்டு, உங்க மூஞ்சியப் பாத்து ஓடிப் போயிருக்கும்" என்றாள் அத்தை. அவள் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பாகூட இலையை முன்னால் இழுத்துக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

அடை எழும்பவில்லை. தோசைத் திருப்பியை விட்டு நெம்பினால் துண்டு துண்டாகப் பிய்ந்தது. சுரண்டிவிட்டு இரண்டாவது தட்டினார். அது கரியாகி அடியோடு அப்பிக்கொண்டது. அப்பாவின் இலை காலியாகவே இருந்தது.

"யாரோ சட்டியை நன்னாத் தேச்சிருக்கா" என்றார் அத்திம்பேர், பாதிச் சிரிப்போடு.

"எங்காத்துப் பொம்மனாட்டிகள் வேணும்னு கெடுத்துட்டான்னு சொல்றீரா?" என்றார் அப்பா.

"நான் அப்படிச் சொல்லலையே."

"பின்னே எப்படிச் சொன்னீர்? ஒரு அடை எடுக்கத் துப்பில்லை, பழி எங்க தலையிலயா? இதுக்குத்தான் எங்களை இங்க இழுத்தடிச்சீரா?"

அத்திம்பேர் திருப்பியை மணலில் வீசி எறிந்தார். "ஒரு வருஷமா அவளைப் பூட்டி வெச்சிருக்கறது யாரு? நீங்களே வெச்சுக்கோங்கோ. வெச்சுண்டு அழகு பாருங்கோ."

அம்மா என் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் செங்கல் பொடி சிவப்பாக இருந்தது. அவள் என் கையைப் பிடித்துத் தன் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். நான் பேசியிருக்க வேண்டியது இரண்டே வார்த்தை: நான்தான் தேய்த்தேன். அப்பா என்னை மணலில் புரட்டி எடுத்திருப்பார். அடித்துக் களைத்து, அந்தக் களைப்பிலேயே அத்திம்பேர் கையால் சாப்பிட்டும் இருப்பார். நான் வாயைத் திறக்கவில்லை.

அத்திம்பேர் சட்டியை அப்படியே விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையோரமாக நடந்து போனார். அதற்குப் பிறகு வரவே இல்லை. அத்தைக்கு எங்கள் வீட்டிலேயே தலை நரைத்தது.

"யாரும் இதுல ஒரு பருக்கை தொடக் கூடாது. கிளம்புங்கோ" என்றார் அப்பா.

அத்தை கிளம்பவில்லை. மணலில் கிடந்த திருப்பியைத் தேடி எடுத்துப் புடவையில் துடைத்தாள். அடுப்பருகே உட்கார்ந்து, சட்டியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டாள். கருகினதையும் விடவில்லை. அப்பா கத்தினார். அம்மா தோளைத் தொட்டாள். சட்டி காலியாகும்வரை அவள் நிமிரவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை மடியில் சூடு ஆறாத சட்டி இருந்தது. நான் அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"அவ்ளோ பசியா அத்தை?"

"ஆமாண்டா" என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

ஆத்துக்குப் போனதும் அம்மா தோசை வார்த்துத் தருவாள், அதுவரைக்கும் பொறுத்துக்கோ என்று நான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.